ஆளுக்கு இரண்டு மீன்

அப்பாவை நான் அந்த ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஊர் சுற்றிக் காட்டுவதற்காக அல்ல. சட்டப்படி ஆளுக்கு இரண்டு சால்மன் மீன்தான் பிடிக்கலாம். நான் மட்டும் போனால் இரண்டு, அப்பாவும் வந்தால் நான்கு. அதற்காகத்தான். தூண்டில் கடையில் அவர் பெயருக்கு ஒரு நாள் லைசென்ஸ் வாங்கி, சட்டைப்பையின் மேல் ஊக்கு குத்தி மாட்டிவிட்டேன். கல்யாண மண்டபத்தில் வரவேற்புக் கமிட்டிக்காரர் குத்திக்கொள்கிற பேட்ஜ் மாதிரி இருந்தது. அப்பா குனிந்து அதில் தன் பெயரைத் தேடிப் படித்துவிட்டு, "இனிஷியல உட்டுட்டாங்களே கண்ணு" என்றார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஃப்ரீமாண்ட்டில் அபார்ட்மென்ட், சான் ஹோசேயில் வேலை, கல்யாணமாகி இரண்டு வருடம். என் கிரீன் கார்டு மனு கம்பெனி வக்கீலிடம் உட்கார்ந்திருந்தது. அந்த நாட்களில் எங்களைப் போன்றவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற சனிக்கிழமை பாட்லக்கில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாருடைய ஃபைல் எங்கே நிற்கிறது, யாருக்கு எதனால் தடங்கல் என்றுதான் பேசுவோம். ரெட் சிக்னலைத் தாண்டி அபராத டிக்கெட் வாங்கிய ஒருவருக்கு ஃபைலே திரும்பி வந்துவிட்டதாம் என்று ஒருவன் சொல்வான். யார் அந்த ஒருவர் என்று யாரும் கேட்டதில்லை. அன்று மட்டும் எல்லோரும் வீட்டுக்கு மெதுவாகக் கார் ஓட்டிக்கொண்டு போவோம்.

அப்பாவும் அம்மாவும் ஆறு மாதத்துக்கு வந்திருந்தார்கள். அப்பா கோபிப் பக்கம் தாலுகா ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவர். அவ்வளவு வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. அவர் இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். அம்மாதான் சொல்வாள். "ஒரு மெமோவும் வாங்குல, ஒரு சென்ட் எடமும் வாங்குல" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள்.

அங்கே அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது. அதைப் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. வேட்டியும் மங்கி குல்லாவுமாக அபார்ட்மென்ட்டைச் சுற்றி நடப்பார். எதிரே வருகிற வெள்ளைக்காரக் கிழவிகளுக்கெல்லாம் நின்று கும்பிடு போடுவார். கடையில் பொட்டலத்தின் பின்பக்கத்தில் உள்ளதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவார், பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்கும். "வேட்டியோட வெளிய போகாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று ஒருநாள் மனைவியின் எதிரிலேயே கத்தினேன். என்னுடைய பழைய ஜீன்ஸ் ஒன்றைத் தூக்கிப் போட்டேன். இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டு இறுக்கிக்கொண்டு, மறுநாளிலிருந்து அதையே போட்டுக்கொண்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சால்மன் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவன் ஆபீஸ் நண்பன், சென்னைக்காரன். அந்த மீன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, மூன்று நான்கு வருஷம் கழித்து முட்டை வைப்பதற்காக அதே ஆற்றுக்குத் திரும்பி வரும். முட்டை வைத்ததும் செத்துவிடும். ஆற்றுக்குள் நுழைந்துவிட்டால் இரை எடுக்காது. அதனால் ஒழுங்காகத் தூண்டில் போடுகிறவன் நாள் முழுக்க நின்றாலும் ஒன்றோ இரண்டோதான், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். நண்பன் வேறு வழி சொல்லிக்கொடுத்தான். மூன்று கொக்கி உள்ள பெரிய முள்ளும் ஈயக்குண்டும் கட்டி, மீன் கூட்டமாக நிற்கிற மடுவில் குறுக்கே எறிய வேண்டும். தூண்டில் நரம்பு மீனின் மேல் உரசுவது கைக்குத் தெரிந்ததும் வெடுக்கென்று இழுக்க வேண்டும். முதுகோ வாலோ வயிறோ, எங்கே குத்துகிறதோ அங்கே குத்தும். எங்களுக்குள் அதற்கு 'டெக்னிக்' என்று பெயர்.

எனக்கு அது பிடித்திருந்தது. வாரம் முழுக்க மேனேஜர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, சனிக்கிழமை பத்துக் கிலோ மீன் ஒன்று உயிருக்குப் போராடுவதைக் கையில் உணர்வது எனக்குப் பிடித்திருந்தது. கரைக்கு இழுத்ததும் மண்டையில் போட, பேஸ்பால் மட்டையை வெட்டி ஒரு கட்டை செய்து வைத்திருந்தேன். ஒரே அடியில் சாகடிக்கலாம். நான் மூன்று நான்கு அடி போடுவேன்.

லைசென்ஸுக்காக அந்தக் கடைக்கு முதல் தடவை போனபோது, மீன்பிடிச் சட்டம் அச்சிட்ட புத்தகம் ஒன்றைச் சும்மா கொடுத்தார்கள். நான் அதை வீட்டில் எறிந்துவிட்டு மறந்துபோனேன். அப்பா எடுத்துவைத்துக்கொண்டார். மூன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்தார்.

"ரொம்பச் சுத்தமா எழுதியிருக்கான் கண்ணு. ஒரு எடத்துலகூடக் கொழப்பமில்ல. வாய்ல மாட்டாத மீன உடனே தண்ணில உட்டுரோணுமாமா. அதோட உசுருக்குச் சேதாரமில்லாம உடோணுமாமா."

"சரிங்ப்பா" என்றேன். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே நானும் அப்பாவும் நண்பனும் கிளம்பினோம். சாக்ரமெண்டோவை ஒட்டி ஓடுகிற அந்த ஆற்றுக்குப் பெயரே அமெரிக்கன் ரிவர்தான். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓட்ட வேண்டும். போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்கப் பனிமூட்டம், அதற்குள் வரிசையாக ஆட்கள். முட்டை வைத்து முடித்த மீன்கள் கல்லிடுக்கெல்லாம் அழுகிக் கிடந்தன. அந்த நாற்றம் எனக்குப் பழகியிருந்தது. முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு மீன் ஒருக்களித்துக் கிடந்தது. உடம்பு பாதி வெள்ளையாகப் பூஞ்சை பிடித்து, துடுப்பு தேய்ந்து நாராகியிருந்தது. கடல்காக்கை ஒன்று அதன் கண்ணைக் கொத்திவிட்டுப் போனது. வால் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்பா அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அங்கிள், அது ரிட்டயர்டு ஃபிஷ்" என்றான் நண்பன். "வேல முடிஞ்சுது. இனி கிளம்ப வேண்டியதுதான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார். மடக்கு நாற்காலியை விரித்து, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தேன். அங்கிருந்து நகர வேண்டாம் என்று சொன்னேன்.

ஒன்பது மணிக்குள் எனக்கு இரண்டு கிடைத்துவிட்டன. இரண்டும் எப்படியோ வாயிலேயே மாட்டியிருந்தன. என் கணக்கு முடிந்தது, இனி அப்பாவின் கணக்கு. தூண்டில் என் கையில்தான் இருந்தது. அதுவும் சட்டப்படி தப்பு என்பதை அப்பா படித்திருப்பார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மூன்றாவது மீன் கனமாக இருந்தது. கால் மணி நேரம் இழுத்துப் பிடித்தேன். கரைக்கு வந்தபோது பக்கவாட்டாக வந்தது. மூன்று கொக்கியில் இரண்டு அடிவயிற்றில் ஏறியிருந்தன. கல்லின் மேல் இழுத்துப் போட்டதும் வயிறு கிழிந்து முட்டை கொட்டத் தொடங்கியது. ஆரஞ்சு நிறம், ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு.

அப்பா எழுந்து வந்துவிட்டார். "சினையா இருக்குதுடா. வயித்துல மாட்டியிருக்குது பாரு. உட்டுரு கண்ணு. புஸ்தகத்துலயே போட்டிருக்குது..."

"சும்மா இருங்கப்பா. இது உங்க தாலுகா ஆபீஸ் இல்ல. இந்தத் தூண்டிலப் புடிங்க."

தூண்டிலை அவர் கையில் திணித்துவிட்டுக் கட்டையை எடுத்தேன். நண்பனின் மனைவி மீன் சினையை மிளகு போட்டு வறுப்பாள், எனக்கு அது உயிர். முதல் அடி சரியாக விழவில்லை. மீன் துள்ளித் துள்ளி, இன்னும் கொஞ்சம் முட்டையை என் ஷூவின் மேலேயே கொட்டியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. எத்தனை அடி போட்டேன் என்று தெரியாது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிமிர்ந்தபோது மீன்வளத் துறை அதிகாரி மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். பச்சைக் காற்சட்டை, இடுப்பில் துப்பாக்கி, கழுத்தில் பைனாகுலர். அந்த பைனாகுலரைப் பற்றி எனக்கு அப்போது யோசனை போகவில்லை.

நண்பன் என் காதோரம் வந்தான். "டேய், உன் பேர்ல டிக்கெட் வுழுந்துச்சு, கிரீன் கார்டு ஃபைல் காலி. உனக்குத்தான் லிமிட் முடிஞ்சுபோச்சே, டபுள் கேஸ்டா இது. அங்கிள் விசிட்டர்தானே? ஊருக்குப் போயிடப் போறாரு. அவர் புடிச்சாருன்னு சொல்லிடு."

யோசிக்கவே இல்லை நான். அதிகாரியைப் பார்த்துச் சிரித்தபடியே, தமிழில் அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, மீன நீங்க புடிச்சதாச் சொல்லுங்க. இல்லேன்னா என்ற கிரீன் கார்டு போயிரும்."

"நானா?"

"சொல்லுங்கப்பா!"

அதிகாரி முதலில் மீனைப் பார்த்தார். காலால் மெதுவாகப் புரட்டி, வயிற்றைப் பார்த்தார். யாருடைய மீன் என்று கேட்டார். என் சட்டையில் ரத்தம் தெறித்திருந்தது. கட்டை என் கையில் இருந்தது. என் ஷூ முழுக்க முட்டை.

அப்பா தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு ஓர் அடி முன்னால் வந்தார். கலெக்டர் எதிரில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டார். "மீன் என்னுடையதுதான் சார். முழுப் பொறுப்பும் நானே" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அதிகாரி அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாக, "நிச்சயமாகவா சார்? நீங்கள்தான் பிடித்தீர்களா?" என்று இரண்டாம் தடவை கேட்டார். அந்தக் கேள்வி எனக்கான கேள்வி. எதிர்க்கரையிலிருந்தோ மேட்டிலிருந்தோ அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார் என்று இன்று எனக்குச் சந்தேகமே இல்லை. நான் ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"ஆமாம் சார்" என்றார் அப்பா.

டிக்கெட்டை எழுதி நீட்டினார் அதிகாரி. அப்பா பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முன்பக்கமும் பின்பக்கமும் முழுக்கப் படித்தார். வாயில் மாட்டாத மீனைத் திரும்ப விடாமல் வைத்துக்கொண்ட குற்றம். பேனாவை வாங்கி, இனிஷியலோடு முழுக் கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் வழக்கப்படி கீழே தேதியும் எழுதினார். மீனைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டு அதிகாரி மேட்டில் ஏறிப் போனார். வழி நெடுக முட்டை சிந்திக்கொண்டே போனது.

திரும்பும்போது நண்பன் பாட்டுப் போட்டான், ஜோக் சொன்னான். அப்பா பின் ஸீட்டில் இருந்தார். பாதி வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது ரெக்கார்டுல ஏறுமா கண்ணு?"

"அதெல்லாம் ஏறாதுப்பா. பார்க்கிங் டிக்கெட் மாதிரிதான்."

பார்க்கிங் டிக்கெட் மாதிரிதான் என்றால் அதை நீயே வாங்கியிருக்கலாமே என்று அவர் கேட்டிருக்கலாம். சர்வீஸ் முழுக்க ஃபைல் படித்த மனுஷனுக்கு அது தோன்றாமலா இருந்திருக்கும்? கேட்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் நான் முந்திக்கொண்டேன். "அம்மா, அப்பா சினை மீனப் புடிச்சு மாட்டிக்கிட்டாரு. போலீஸ் கேஸ்!" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு திட்டினாள். "இந்த வயசுல ஏனுங்க இந்த வேண்டாத வேல? பையன் கூட்டிட்டுப் போனா வேடிக்கை பாத்துட்டு வராம?" மனைவி என் ஷூவைப் பார்த்தாள், அப்பாவின் ஷூவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அன்று மீன் குழம்பு. அப்பா மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

அபராதத்தைத் தபாலிலேயே கட்டிவிடலாம் என்று டிக்கெட்டில் அச்சடித்திருந்தது. அப்பா கேட்கவில்லை. "சம்மன் வந்தா நேர்ல ஆஜராகோணும். தபால்ல அனுப்பறது மரியாதையில்ல" என்று ஒரே பிடிவாதம். ஆபீஸில் பல் டாக்டர் என்று பொய் சொல்லி லீவு போட்டு, சாக்ரமெண்டோ கோர்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். அப்பா வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, திருநீறு பூசியிருந்தார். குடித்துவிட்டுக் கார் ஓட்டியவர்களுக்கும், பெண்டாட்டியை அடித்தவன் ஒருவனுக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். "ஒப்புக்கொள்கிறேன் கனம் நீதிபதி அவர்களே. தவறு என்னுடையது" என்றார், ஆங்கிலத்தில். குரல் பிசிறவில்லை. நான் பின் வரிசையில் இருந்தேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது வெட்கம் என்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி.

அதன்பிறகு அவர் வெளியே நடக்கப் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊருக்குப் போகிற தேதி வருகிறவரை இருந்தார். கிளம்புகிற அன்று அந்த ஜீன்ஸைத் துவைத்து மடித்து என் கட்டிலில் வைத்திருந்தார், பெல்ட்டோடு.

மூன்று வருஷம் கழித்துக் கிரீன் கார்டு வந்தது. கடைசிக் கையெழுத்துக்குப் போனபோது, யாரோ ஒரு நண்பனின் கதை மாதிரி வக்கீலிடம் கேட்டேன், மீன்பிடி டிக்கெட் இருந்தால் என்ன ஆகும் என்று. அந்த அம்மாள் சிரித்தார். "மனுவில் ஒரு வரி எழுதியிருப்போம், அவ்வளவுதான்" என்றார். காரில் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்தினேன். வலித்தது, நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மனைவி கர்ப்பமானாள். பிரசவத்துக்கு அப்பா அம்மா இரண்டு பேரையும் வரச்சொல்லி விசா ஃபாரங்களை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது அப்பா எடுத்தார்.

"அம்மாளோட ஃபாரத்தப் பூர்த்தி பண்ணிட்டேன் கண்ணு. அவ மட்டும் வரட்டும்."

"ஏனுங்ப்பா?"

"அதுல ஒரு கேள்வி இருக்குது. எப்பவாச்சும் குற்றத்துக்குத் தண்டனை ஆயிருக்குதான்னு. ஆமான்னு எழுதுனா, என்னால உங்கம்மாளுக்கும் இல்லேன்னு சொல்லிருவாங்க."

"இல்லேன்னு எழுதுங்கப்பா. சின்ன விஷயம், யாரு பாக்கறாங்க?"

"கோர்ட்டுல ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு, இப்ப இல்லேன்னு எப்பிடி எழுதறது?"

பயப்பட ஒன்றுமில்லை, வக்கீலிடம் கேட்டுவிட்டேன், ஆமாம் என்றே எழுதலாம், ஒரு வரிதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அந்த ஒரு வரியை அன்றைக்கே நான் எழுதியிருக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். லைன் இரைந்தது.

"நான் ஊட்டப் பாத்துக்கறேன். கொழந்த போட்டோ அனுப்பு" என்றார்.

அம்மா தனியாக வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. அப்பா ஊரில் தானே சமைத்துத் தானே சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனைக் குழந்தையின் வாயருகே பிடிப்பேன். அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

தொட்டில் போடுகிற நாளில் வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருக்க, யாரோ ஒரு பெண், "அங்கிள் வரலையா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அம்மாவுக்கு அந்தக் கேள்வி போதும். ஊரில் கல்யாண வீடுகளிலெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்குக் கதை நன்றாகப் படிந்திருந்தது.

"அவரெங்கீங்க வர்றது? அவரு இந்த ஊருல மீனத் திருடி மாட்டுன ஆளு! போனவாட்டி வந்தப்ப, பையன் வேண்டாம் வேண்டாங்க, கேக்காம சினை மீனப் புடிச்சு, போலீஸ் வந்து, கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு. சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்காத மனுசன், அமெரிக்காவுல வந்து வாங்கிட்டுப் போனாரு!"

கூடமே சிரித்தது. ஒருவருக்குப் புரையேறியது. 'பையன் வேண்டாம் வேண்டாங்க' என்பதை அம்மாவிடம் யார் சொன்னது? நான் சொல்லவில்லை. அப்பாதான் சொல்லியிருக்க வேண்டும்.

மனைவி குழந்தையை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். மூலையில் உட்கார்ந்திருந்த நண்பன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு, "ஆன்ட்டி, அங்கிள் எவ்ளோ பெரிய ஃபிஷ் புடிச்சாரு?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? இவன்தான கூட இருந்தான். இவனக் கேளுங்க" என்றாள் அம்மா.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே, இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினேன்.